நீச்சல் குளம் கட்டியாச்சு... தண்ணியை யார் பார்த்துக்கிறது? புது ஓனர்களுக்கு ஒரு முழு கைடு!

ஆண்டிமடம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு முதல் நீச்சல் குளம் எது தெரியுமா? பம்ப்செட் தொட்டிதான். மோட்டார் போட்டதும் பைப்ல இருந்து கொட்டும் தண்ணிக்குக் கீழே தலையைக் கொடுத்த சுகத்தை எந்த ரிசார்ட்டும் தந்துவிட முடியாது. அந்தத் தொட்டித் தண்ணியை யாரும் டெஸ்ட் பண்ணினது இல்லை, மருந்து போட்டதும் இல்லை. ஒரு பக்கம் வந்துகொண்டே இருக்கும், மறு பக்கம் வாய்க்கால் வழியா முந்திரிக்கோ கரும்புக்கோ போய்க்கொண்டே இருக்கும்.

இப்போ நீங்க வீட்டுக்குப் பின்னாலயோ, தோப்பு வீட்டுலயோ நீலக் கலர் டைல்ஸ் போட்டு ஒரு நீச்சல் குளம் கட்டிட்டீங்க. வாழ்த்துகள்! ஆனா, இதுல ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. இந்தத் தண்ணி எங்கேயும் போகாது. இன்னிக்கு நிரப்பின அதே தண்ணிதான் அடுத்த மாசமும் அங்கே நிற்கும். அதுல உங்க வியர்வை, சன்ஸ்கிரீன், தூசி, இலை, தவளை, சின்னக் குழந்தைங்களோட 'அவசரம்' எல்லாமே சேரும்.

ஏரிக்கு வரத்து வாய்க்காலும் மதகும் இருக்கு. தொட்டிக்கு பைப் இருக்கு. நீச்சல் குளத்துக்கு? நீங்கதான். 'அழுக்கானா திறந்துவிட்டுட்டு புதுசா ரொப்பிக்கலாம்' என்று நினைத்தால், ஒவ்வொரு தடவையும் இரண்டு டேங்கர் லாரித் தண்ணி மண்ணுக்குப் போகும். சரியா பராமரித்தால் அதே தண்ணியை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதுக்கு கெமிஸ்ட்ரி டிகிரி வேண்டாம். ஒரு டெஸ்ட் கிட், ஒரு நோட்டு, தினமும் பத்து நிமிஷம் போதும்.

தெளிவா இருந்தா சுத்தமா?

இல்லை. கண்ணாடி மாதிரி தெரியும் தண்ணியிலும் கிருமி இருக்கும்.

2024 மே முதல் ஜூலை ஆரம்பம் வரை கேரளாவின் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்தது நினைவிருக்கும். 'மூளையைத் தின்னும் அமீபா' என்று செய்திகளில் வந்ததே, அதுதான். நெக்லேரியா ஃபவுலெரி என்ற இந்த அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். அந்தத் தண்ணியைக் குடிப்பதால் இந்தக் காய்ச்சல் வராது. குதிக்கும்போதும் முங்கும்போதும் மூக்கு வழியா ஏறி மூளைக்குப் போனால்தான் ஆபத்து. இது மிக அரிதாக வரும் நோய். ஆனால், வந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு.

நல்ல செய்தி என்னன்னா, குளோரின் சரியா இருக்கும் குளத்துல இந்த அமீபா தாக்குப்பிடிக்காது. அதே மாதிரி, பி.எச் 7.5, குளோரின் 1 பிபிஎம் இருக்கிற தண்ணியில் ஈ-கோலை பாக்டீரியா ஒரு நிமிஷத்துக்குள்ளேயும், ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் சுமார் 16 நிமிஷத்திலும் செயலிழந்துவிடும் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்.

அதனால குளோரின் போடறது தண்ணி நீலமா, அழகா தெரியறதுக்காக மட்டும் இல்லை. உங்க வீட்டுக் குழந்தைங்களுக்கான பாதுகாப்பு அது.

முதல்ல உங்க போர் தண்ணியைத் தெரிஞ்சுக்கோங்க

யூடியூப்ல பார்க்கும் பெரும்பாலான பூல் வீடியோக்கள் முனிசிபல் தண்ணியை வைத்துச் சொல்லப்படுபவை. நம்ம கதை போர்வெல்.

அரியலூர் மாவட்டத்தின் மண் ஒரே மாதிரி கிடையாது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாக இருந்த பகுதி இது. அரியலூர் டவுனைச் சுற்றி சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான் அங்கே அத்தனை சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் வழியாக வரும் நிலத்தடி நீரில் கால்சியம் கரைந்து வரும். அதைத்தான் நாம 'உப்புத் தண்ணி', 'கடின நீர்' என்கிறோம். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் வந்தால் செம்மண்ணும் முந்திரியும். செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதே இரும்புச்சத்துதான். அதனால் இங்கே போர் தண்ணியில் இரும்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கத்துக் கொல்லை போரும் உங்க போரும் ஆழத்தைப் பொறுத்து வேற வேற ரிசல்ட் காட்டலாம். ஆகவே, ஊகம் வேண்டாம்... டெஸ்ட் பண்ணுங்க.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டி தண்ணியைப் பரிசோதிக்கலாம். தனியார் லேப்களும் இருக்கு. ரிப்போர்ட்டில் நீங்க பார்க்க வேண்டியது நாலு விஷயம்: பி.எச், மொத்தக் கடினத்தன்மை (கால்சியம் தனியா), காரத்தன்மை, இரும்பு.

கடினத்தன்மை ஏன் முக்கியம்? கால்சியம் அதிகமா இருந்தா, வெயில்ல டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைத் திட்டு படியும், ஃபில்டர் மணல் கட்டி தட்டும், தண்ணி பால் மாதிரி ஆகும். ரொம்பக் குறைவா இருந்தா வேற பிரச்னை. தண்ணி தனக்குத் தேவையான கால்சியத்தை உங்க சிமென்ட் பூச்சிலிருந்தும் டைல்ஸ் இடுக்கிலிருந்தும் அரித்து எடுத்துக்கொள்ளும். 200 முதல் 400 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. உங்க போர் தண்ணியில் ஏற்கெனவே 400-க்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டாம். பி.எச்சை 7.2 - 7.4-லயே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் படியாது.

இரும்பு இருந்தால்? நிரப்பும்போது தெளிவா இருந்த தண்ணி, குளோரின் போட்டதும் டீ கலருக்கு மாறும். பல பேர் 'மருந்து டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். உண்மையில் கரைந்திருந்த இரும்பு துருவாக வெளியே வருகிறது. மோட்டாரை விடாமல் ஓட்டி, ஃபில்டரை அடிக்கடி பேக்வாஷ் செய்தால் இரண்டு மூன்று நாளில் தெளியும். இரும்பு அதிகம் என்று ரிப்போர்ட் சொன்னால், குளோரினை ஒரேயடியா கொட்டாம கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தும் பூல் கடைகளில் கிடைக்கும்.

எத்தனை லிட்டர்? ஒரு தடவை கணக்குப் போடுங்க

'ஒரு கைப்பிடி போடு' என்பது சாம்பாருக்கு சரி. குளத்துக்கு லிட்டர் தெரியணும்.

நீளம் × அகலம் × சராசரி ஆழம் (எல்லாம் அடியில்) பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். சராசரி ஆழம் என்பது ஆழமான பக்கத்தையும் ஆழமில்லாத பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. உதாரணமா, 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குளம்: 800 கன அடி. லிட்டரில் சுமார் 22,600. இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் இந்தக் குளத்துக்குத்தான். உங்களது இதைவிட இரண்டு மடங்கு என்றால் அளவும் இரண்டு மடங்கு. இந்த நம்பரை மோட்டார் ரூம் சுவரில் பெயின்ட்ல எழுதி வையுங்க. போனைத் தொலைச்சாலும் சுவர் தொலையாது.

அஞ்சு நம்பர்... அவ்வளவுதான்!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி, குளத்துக்கும் 'நார்மல் ரேஞ்ச்' உண்டு. பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். வேறெதுவும் இல்லை.

* குளோரின்: 1 - 3 பிபிஎம். ஸ்டெபிலைசர் போட்ட குளத்தில் குறைந்தது 2.
* பி.எச்: 7.2 - 7.6. கொஞ்சம் முன்னே பின்னே 7.8 வரை தாங்கும்.
* காரத்தன்மை: 80 - 120 பிபிஎம். பி.எச் திடீர் திடீரென எகிறாமல் பிடித்து வைப்பது இதுதான்.
* கால்சியம் கடினத்தன்மை: 200 - 400 பிபிஎம்.
* ஸ்டெபிலைசர் (சயனூரிக் ஆசிட்): 30 - 50 பிபிஎம். வெயிலில் குளோரின் ஆவியாகாமல் காக்கும் குடை.

டெஸ்ட் கிட்டில் மூன்று வகை உண்டு. பேப்பர் ஸ்ட்ரிப் ஈஸி. ஆனால், ஈரக் கை பட்டாலே வீணாகும். மஞ்சள் கலர் காட்டும் சொட்டு கிட் விலை குறைவு. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதுல எவ்வளவு வேலைக்கு உதவாததுன்னு தெரியாது. இளஞ்சிவப்பு கலர் காட்டும் டி.பி.டி கிட்தான் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரினைத் தனியாகக் காட்டும். கொஞ்சம் காசு கூடினாலும் அதையே வாங்குங்க.

சாம்பிள் எடுக்கும்போது மேல் தண்ணியை எடுக்காதீங்க. முழங்கை அளவு ஆழத்தில், தண்ணி திரும்பி வரும் குழாய்க்குத் தள்ளி எடுக்கணும்.

முதல்ல பி.எச், அப்புறம்தான் குளோரின்

புது ஓனர்கள் எல்லாரும் குளோரினை மட்டும் கவனிப்பார்கள். ஆனால், பி.எச் தப்பாக இருந்தால் போட்ட குளோரினில் பாதிக்கு மேல் தூங்கும். பி.எச் 7.0-ல் குளோரினில் சுமார் முக்கால் பங்கு கிருமியைக் கொல்லும் நிலையில் இருக்கும். 7.5-ல் சுமார் பாதி. 8.0-க்குப் போனால் கால் பங்குக்கும் குறைவு. காசு கொடுத்து வாங்கின மருந்து தண்ணியில் சும்மா மிதக்கும்.

அதனால முதல் தடவை நிரப்பியதும் இந்த வரிசையைப் பின்பற்றுங்க. ஸ்கிம்மர் வாயில் பாதி வரை தண்ணி வந்ததும் மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓட்டுங்க. டெஸ்ட் பண்ணுங்க. முதலில் காரத்தன்மை, அடுத்து பி.எச், கடைசியில் குளோரின்.

காரத்தன்மை குறைவா இருந்தால், மளிகைக் கடையில் கிடைக்கும் ஆப்ப சோடாதான் மருந்து! நம்ம உதாரணக் குளத்துக்கு 10 பிபிஎம் ஏற்ற சுமார் 400 கிராம் போதும். பி.எச் அதிகமாக இருந்தால் ஆசிட். டாய்லெட் ஆசிட்டில் வாசனையும் சோப்பும் கலந்திருக்கலாம், அது வேண்டாம். பூலுக்கென்றே விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அல்லது பவுடர் வடிவ 'டிரை ஆசிட்' வாங்குங்க. பக்கெட்டில் தண்ணியை முதலில் ஊற்றி, அதில் ஆசிட்டை விடணும். ஆசிட்டில் தண்ணியை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கிளவுஸ், கண்ணாடி கட்டாயம். கொஞ்சமா விட்டு, மோட்டாரை ஓட்டி, நாலு மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு, தேவைன்னா மட்டும் இன்னும் கொஞ்சம்.

எந்தக் குளோரின் வாங்கணும்?

கடையில் நாலு விதமாகக் கொடுப்பாங்க. நம்ம 22,600 லிட்டர் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற எவ்வளவு தேவை என்று பாருங்க.

பிளீச்சிங் பவுடர்: சுமார் 75 கிராம். எல்லா ஊரிலும் கிடைக்கும், விலை குறைவு. ஆனால் சுண்ணாம்பு வண்டல் அடியில் தங்கும். பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றணும். மூட்டையைத் திறந்து வைத்தால் வீரியமும் குறைந்துகொண்டே போகும்.

கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை (65 சதவிகிதம்): சுமார் 35 கிராம். வேகமாக வேலை செய்யும். கூடவே கால்சியத்தையும் சேர்க்கும். மென்மையான தண்ணி உள்ளவர்களுக்கு அது லாபம். சுண்ணாம்புத் தண்ணி உள்ளவர்களுக்கு அது தலைவலி.

திரவக் குளோரின் என்கிற சோடியம் ஹைப்போ (10 சதவிகிதம்): சுமார் 225 மில்லி. கடின நீர்க் குளங்களுக்கு இதுதான் பெஸ்ட். வெயிலில் வைத்தால் சில வாரங்களிலேயே வீரியம் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க.

டி.சி.சி.ஏ மாத்திரை (90 சதவிகிதம்): சுமார் 25 கிராம். மிதக்கும் டப்பாவில் போட்டுவிட்டால் மெதுவாகக் கரையும். வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வருபவர்களுக்கு வசதி. இதுல ஒரு உள்குத்து உண்டு. இது கரையக் கரைய ஸ்டெபிலைசரும் சேரும், பி.எச்சும் இறங்கும். ஸ்டெபிலைசர் 100-ஐத் தாண்டினால் குளோரின் மந்தமாகிவிடும். அதைக் குறைக்க தண்ணியில் ஒரு பங்கை வெளியேற்றுவதைத் தவிர நடைமுறையில் வேறு வழி இல்லை. 'மாத்திரை மட்டுமே போட்டேன், டெஸ்ட்ல குளோரின் இருக்கு, ஆனா பாசி வருது' என்று புலம்புபவர்களின் பிரச்னை பெரும்பாலும் இதுதான். மாத்திரையையும் திரவத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்க. மாற்றி மாற்றிதான்... ஒரே டப்பாவில், ஒரே நேரத்தில் அல்ல!

'எங்களது சால்ட் வாட்டர் பூல், குளோரினே இல்லை' என்று சொல்பவர்களும் உண்டு. அந்த மெஷின், உப்பிலிருந்து தயாரிப்பதே குளோரினைத்தான். டெஸ்ட் அவங்களுக்கும் உண்டு.

எந்த வகையானாலும் சாயங்காலம் வெயில் இறங்கியபின், மோட்டார் ஓடும்போது போடுங்க. ஸ்டெபிலைசர் இல்லாத குளத்தில் காலையில் போட்ட குளோரினில் பெரும்பகுதியை மதியத்துக்குள் சூரியன் சாப்பிட்டுவிடும்.

மோட்டார் ஓடினால்தான் மருந்து வேலை செய்யும்

குளத்தின் மொத்தத் தண்ணியும் தினம் ஒரு தடவையாவது ஃபில்டர் வழியா போய் வரணும். வீட்டுக் குளத்துக்கு பொதுவா 6 முதல் 8 மணி நேரம். கரன்ட் போகும் நேரத்தைப் பார்த்து இரண்டாகப் பிரித்தும் ஓட்டலாம். ஒரு முக்கிய விஷயம், விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பில் குளத்து மோட்டாரைக் கொடுக்காதீங்க. அது விதிமீறல். வீட்டு இணைப்பிலிருந்து, ஷாக் அடித்தால் உடனே கட் ஆகும் ஆர்.சி.சி.பி சுவிட்சுடன் லைன் எடுங்க. தண்ணியும் கரன்ட்டும் சேரும் இடத்தில் இதில் சமரசமே கூடாது.

மணல் ஃபில்டரில் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். கழுவி முடித்ததும் அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்க. அதிலிருந்து 8 - 10 பி.எஸ்.ஐ ஏறினால் பேக்வாஷ் நேரம். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் திருப்பணும். கண்ணாடியில் தண்ணி தெளிவாகத் தெரியும் வரை இரண்டு மூன்று நிமிஷம் போதும். வெளியேறும் தண்ணியைத் தோப்புக்கு விட நினைத்தால், தனித் தொட்டியில் பிடித்து, சில நாள் வெயிலில் விட்டு, குளோரின் பூஜ்யம் என்று டெஸ்ட் பண்ணினபிறகு விடுங்க. ஏரியிலோ, வாய்க்காலிலோ நேரடியா திறந்துவிட்டால் மீன்கள் செத்துப்போகும்.

உங்க டைம்டேபிள்

தினமும்: இலை, பூச்சிகளை வலையால் எடுங்க. குளோரின், பி.எச் டெஸ்ட். நோட்டில் தேதியோடு எழுதுங்க. போன் நோட்ஸும் ஓகே.

வாரம் ஒரு முறை: சுவர், படிக்கட்டு, மூலைகளை பிரஷ்ஷால் தேயுங்க. பாசி முதலில் பிடிப்பது தண்ணி ஓடாத மூலைகளில்தான். அடியில் வாக்குவம். ஸ்கிம்மர் கூடையும் மோட்டார் கூடையும் சுத்தம். காரத்தன்மை டெஸ்ட்.

மாதம் ஒரு முறை: கடினத்தன்மை, ஸ்டெபிலைசர் டெஸ்ட்.

பிரச்னை... காரணம்... தீர்வு

தண்ணி பச்சை: பாசி. பி.எச்சை 7.2-க்குக் கொண்டுவந்து, எல்லா இடத்தையும் பிரஷ்ஷால் தேய்த்து, குளோரினை 10 பிபிஎம் வரை ஏற்றுங்க. நம்ம குளத்துக்கு 65 சதவிகிதக் குருணை சுமார் 350 கிராம். இதுக்குப் பேர்தான் 'ஷாக்'. மோட்டார் 24 மணி நேரம் ஓடட்டும். ஃபில்டரை இடையிடையே கழுவுங்க. குளோரின் 4-க்குக் கீழே இறங்கி, தண்ணியும் தெளியும் வரை யாரும் இறங்கக் கூடாது.

கண் எரியுது, குளோரின் நாத்தம் அடிக்குது: 'மருந்து ஜாஸ்தி' என்று நினைப்பீங்க. பெரும்பாலும் தலைகீழ்! வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் குளோரமைன்தான் அந்த நாத்தமும் எரிச்சலும். அதாவது, குளோரின் பத்தவில்லை. டெஸ்ட் பண்ணிட்டு ஷாக் கொடுங்க.

பால் மாதிரி கலங்கல்: பி.எச்சோ கால்சியமோ அதிகம், இல்லைன்னா ஃபில்டர் நேரம் போதவில்லை. பி.எச் சரிசெய்து, மோட்டார் நேரத்தைக் கூட்டுங்க. ஆழமான பக்கத்தில் அடி வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லை என்றால் குளத்தை மூடிவிடுங்க. கலங்கிய தண்ணிக்குள் ஒரு குழந்தை மூழ்கினால், மேலே நிற்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

'இதெல்லாம் நம்மள மாதிரி கத்துக்குட்டிங்களுக்குத்தான் நடக்கும்' என்று வருத்தப்படாதீங்க. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஆகஸ்ட் 9-ம் தேதி உலகமே பார்க்கப் பச்சையாக மாறியது. காரணம், சில நாள் முன்பு யாரோ சுமார் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார்கள். அது குளோரினை முறித்துவிட்டது. பாசி குஷியாக வளர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு குளத்தின் தண்ணியை முழுசா மாற்றவேண்டியதாகிவிட்டது. ஒரு மருந்து இன்னொரு மருந்தை என்ன செய்யும் என்று தெரியாமல் ஊற்றினால், ஒலிம்பிக் குளத்துக்கும் அதே கதிதான்.

மோட்டார் ஷெட்டில் வைக்காதீங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஷேர் பண்ணணும்னா, இதைப் பண்ணுங்க.

நம்ம ஊர் மோட்டார் ஷெட்டில் என்னவெல்லாம் இருக்கும்? யூரியா மூட்டை, டீசல் கேன், பூச்சிமருந்து, கிரீஸ். அதோடு குளோரினையும் வைத்தால் அது வெடிகுண்டு கிடங்கு. குளோரின் குருணையில் டீசலோ எண்ணெயோ பட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். யூரியாவோடு சேர்ந்தால் வெடிக்கும் தன்மையுள்ள வாயு உருவாகும். ஆசிட்டோடு சேர்ந்தால் நுரையீரலை எரிக்கும் குளோரின் வாயு வெளிவரும். டி.சி.சி.ஏவும் கால்சியம் ஹைப்போவும் இரண்டுமே குளோரின்தான். ஆனாலும் ஒன்றாகக் கலந்தால் தீயும் வெடிப்பும் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்க.

ஆகவே, குளோரினுக்குத் தனி இடம். நிழல், காற்றோட்டம், ஈரமில்லாத உயரமான பலகை. ஆசிட்டுக்கு வேறொரு இடம். ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் கரண்டி, அதுவும் காய்ந்த பிளாஸ்டிக் கரண்டி. ஒன்றைப் போட்டு, மோட்டார் ஓடி, சில மணி நேரம் ஆனபிறகே அடுத்தது. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீங்க. குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டு போடுங்க.

கத்திரி வெயில், ஐப்பசி மழை

கோடையில் தண்ணி ஆவியாகும், அதிலிருக்கும் கால்சியம் ஆவியாகாது. நம்ம உதாரணக் குளத்தில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் குறைந்தாலே சுமார் 90 லிட்டர். ஒரு மாதத்தில் 2,800 லிட்டர் புதுத் தண்ணி விடுவீங்க. உங்க போர் தண்ணியின் கடினத்தன்மை 400 என்றால், குளத்தின் கடினத்தன்மை மாதத்துக்கு சுமார் 50 பிபிஎம் ஏறும். ராத்திரியில் கவர் போட்டு மூடினால் ஆவியாவதும் குறையும், இலையும் விழாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் கவரை மட்டும் நம்பாதீங்க. சுற்றிலும் வேலியும் பூட்டும் கதவும் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை இதற்கு நேரெதிர். மழை நீர் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் நீர்க்கச் செய்யும். கூடவே தோப்புச் சேறும் உரமும் வழிந்து வந்தால் பாசிக்கு விருந்து. குளத்தைச் சுற்றித் தரை வெளிப்பக்கம் சாய்வாக இருக்கணும். பெருமழைக்கு மறுநாள் கட்டாயம் ஃபுல் டெஸ்ட்.

'மழைக்காலத்துல யார் நீந்தப்போறா, காலி பண்ணி வைப்போம்' என்று ஒரு யோசனை வரும். வேண்டாம்! நிலத்தடி நீர் ஏறும் நேரத்தில் காலிக் குளத்தை அடியிலிருந்து தண்ணி தள்ளும். தரையில் விரிசல் விடலாம், ஃபைபர் குளம் என்றால் அப்படியே மேலே தூக்கிக்கொண்டும் வரலாம். அடியில் தேங்கும் மழைத் தண்ணியில் கொசு முட்டையிட்டால் டெங்கு உங்க வீட்டிலிருந்தே தெருவுக்குப் போகும். நிரப்பி, குளோரின் போட்டு, மோட்டாரைக் கொஞ்ச நேரமாவது ஓட்டி வைப்பதுதான் பாதுகாப்பு.

விருந்தாளிகளுக்கு ரூல்ஸ்

காணும் பொங்கலுக்கு சித்தப்பா, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர் வருவாங்க. கூச்சப்படாமல் சொல்லுங்க. இறங்கும் முன் ஒரு நிமிஷம் ஷவர்ல குளிங்க. தலையில் எண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கு இருந்தவங்க இறங்கவே வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சரியான குளோரின் உள்ள தண்ணியிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் மருந்து கைகொடுக்காது, ஒழுக்கம்தான் கைகொடுக்கும். கூட்டம் போனதும் அன்று சாயங்காலமே டெஸ்ட் பண்ணி குளோரினை ஏற்றுங்க.

குதிக்கும் முன் மூணு செக்!

எல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காதீங்க. ஒன்று, அடி வடிகால் மூடி தெளிவாத் தெரியுதா? இரண்டு, இன்னிக்கு எடுத்த டெஸ்ட்டில் குளோரின் 1-க்கு மேல் (ஸ்டெபிலைசர் போட்டிருந்தா 2-க்கு மேல்), பி.எச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கா? மூணு, பெரியவர் ஒருத்தர் போனைக் கீழே வைத்துவிட்டு கரையில் உட்கார்ந்திருக்காரா? மூன்றுக்கும் 'ஆமா' என்றால் தாராளமா குதிங்க. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அன்னிக்கு பம்ப்செட் குளியல் போதும் மக்களே!